எல்லைக்கு அந்தப் பக்கம் நாற்பது தப்படி

காசுகள் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வரைக்கும் நெவில் கெரிட்ஜைவிடச் சந்தோஷமான ஆள் இங்கிலாந்தின் சஃபோக் ஜில்லாவில் இருந்திருக்க முடியாது. ஐந்தரைக்கு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அதற்கப்புறம் பதின்மூன்று நாள் மனுஷன் ஓர் இடத்தில் உட்காரவில்லை.

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர் நெவில். நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் போய்விட்டால்கூட இஞ்சினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள், காதில் வாங்கமாட்டார். அப்படிப்பட்டவர் உலோகம் தேடும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வயலாகச் சுற்ற ஆரம்பித்தபோதும் அதே ஒழுங்குதான். கேட்காமல் ஒரு வயலில் கால் வைக்கமாட்டார். தோண்டிய குழியை மூடாமல் நகரமாட்டார். கிடைத்தது ஆணியோ பட்டனோ, அன்றைக்கே நிலத்துக்காரர் வீட்டுச் சமையலறை மேஜையில் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்தப் பேருக்காகத்தான் நான்கு கிராமத்து விவசாயிகள் அவருக்கு வாசற்கதவைத் திறந்து விட்டிருந்தார்கள்.

அதில் முதல் கதவு ஈனிட் போரெட்டுடையது. அறுபத்தெட்டு வயது. கணவர் ஸ்டான் இறந்துபோய் மூன்று வருடமாகத் தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள். பதினோரு வருடமாக நெவில் அவர் மேஜையில் கொட்டியது பூராவும் பட்டன், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் குப்பி, பீர் டப்பா மூடி, தேய்ந்துபோன பென்னி.

"இந்த வாரமும் பட்டனா, நெவில்? ஒரு கோட்டே தைக்கலாம் போல இருக்கே" என்று ஒவ்வொரு ஞாயிறும் ஈனிட் சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அன்றைக்குப் பார்லி அறுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு ஏக்கர் என்று பெயர் சொல்லும் அந்த வயலில் அறுத்த தாளின் வரிசைகள் நூல் பிடித்த மாதிரி கிடந்தன. அதற்கு அடுத்தது கிளமென்ட் தர்லோவின் நிலம். நடுவில் ஒரு காலத்தில் வேலி இருந்தது. ஸ்டானும் தர்லோவும் சிநேகிதமாக இருந்த நாளில் அறுவடை இயந்திரம் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று அதைப் பிடுங்கிப் போட்டார்கள். பிறகு ஓடையைத் தூர் வாருவது யார் முறை என்று ஒரு சண்டை. இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேலி போனது போனதுதான். ஓக் மரத்தின் அடிக்கட்டையிலிருந்து ரோட்டோரத்து இரும்புத் தூண் வரைக்கும் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் எல்லை.

நெவில் வழக்கமாக அந்தக் கோட்டில் நாலு குச்சி நட்டுவிட்டுத்தான் கருவியை முடுக்குவார். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் நடந்த வயல், எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு தாள் வரிசையோடு வரிசையாக நடந்தார். இந்த வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் அடி தவறும், காதில் விழுகிற சத்தமும் தவறும். ஒவ்வொரு வருடமும் வரிசை எல்லைக்கு நேராகவே ஓடும். இந்த வருடம் இரண்டு பண்ணைக்கும் ஒரே குத்தகை ஆள் விதைத்திருந்தான். ஈரத்தில் சக்கரம் இறங்குகிறது என்று சாய்வாக விதைத்துவிட்டான். வரிசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. நெவிலும் கூடவே சாய்ந்து போனார்.

கருவி கத்தியது. ஒரு சாண்கூடத் தோண்டவில்லை, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பொன்காசு. லேசாகக் குழிந்திருந்தது. ஒரு பக்கம் குதிரை; கால் தனியாக, கழுத்து தனியாக, வால் தனியாக, ஆனாலும் பாய்ந்துகொண்டிருந்தது. ரோமர்கள் இந்த மண்ணுக்கு வருவதற்கு முந்தைய காசு. படத்தில் பார்த்திருக்கிறார். கையில் பிடித்ததில்லை. மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஒன்றாயிற்று, ஐந்தாயிற்று, பத்தொன்பதாயிற்று. உலோகம் தேடுகிறவர்களின் சங்கத்து விதிப்படி போனை எடுத்து இடத்தைக் குறிக்கும் பொத்தானை அமுக்கினார். அமுக்கினாரே தவிர வரைபடத்தைப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள் அந்த நேரத்தில்? ஓடினார். அறுபத்து நாலு வயசில் ரப்பர் பூட்ஸோடு ஈனிட்டின் சமையலறைக்கு ஓடினார்.

ஈனிட் மேஜையைப் பார்த்தார், நெவிலைப் பார்த்தார், மறுபடி மேஜையைப் பார்த்தார்.

"இதுவும் பட்டன்னு சொல்லாதே."

"பட்டன் இல்ல ஈனிட். தங்கம். ரெண்டாயிரம் வருஷத்துத் தங்கம்."

"எங்க? என் நெலத்துலயா?"

"வாங்க, வந்து பாருங்க."

ஈனிட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து குழியைப் பார்த்தார். ஓக் அடிக்கட்டையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகள் ரோவீனாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார். அந்த மகள் இரண்டு வருடமாகப் பண்ணையை விற்றுவிட்டு வந்து சேர் என்று நச்சரித்துக்கொண்டிருந்தவள்.

"வித்துடு, வித்துடுன்னியே. அந்த மண்ணுல ஒண்ணுமே இல்லன்னியே. இப்ப என்னடி சொல்றே?" என்று ஈனிட் போனில் கத்தினார். ஸ்டான் போனபிறகு அந்தக் குரலை நெவில் கேட்டதில்லை. அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, மனைவி ஏவ்ரில் வைத்த டீயைக் குடித்துக்கொண்டே போனில் வரைபடத்தைத் திறந்தார். சிவப்புப் புள்ளி தர்லோவின் நிலத்தில் நின்றது.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். புள்ளி நகரவில்லை. மறுநாள் விடிந்ததும் போய், அடிக்கட்டைக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில் கயிறு கட்டி, அங்கிருந்து குழிவரைக்கும் நடந்து எண்ணினார். நாற்பது தப்படி.

நாற்பது தப்படிதானே என்று யாரும் சொல்லலாம். அது என்ன செய்யும் என்று நெவிலுக்குத் தெரியும். அனுமதி இல்லாத நிலத்தில் தோண்டுகிறவனைச் சங்கத்தில் இரவுப் பருந்து என்பார்கள். திருடன் என்று நேராகச் சொல்ல மனசில்லாமல் வைத்த பேர். அதுவும் தர்லோ நிலம். போன வருடம் யாரோ இருட்டில் வந்து நாற்பது குழி தோண்டிவிட்டுப் போனதிலிருந்து, கருவியோடு ஒருத்தன் ரோட்டில் போனால்கூட நாயை அவிழ்த்துவிடுகிற ஆள். உள்ளதைச் சொன்னால், காசுக்கு அருங்காட்சியகம் தருகிற பணத்தில் பாதி நிலத்துக்காரர் என்ற முறையில் தர்லோவுக்கு. மீதிப் பாதி நெவிலுக்குக் கிடைப்பதும் சந்தேகம். பதினோரு வருடத்துப் பேர் ஒரே நாளில் நாறிவிடும். இதெல்லாம்கூடப் போகட்டும். ஈனிட்டிடம் போய், அது உங்கள் மண் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

பதினான்கு நாள் கெடு. இங்கிலாந்தில் செத்தவர்களைப் பற்றி விசாரிக்கிற அதிகாரிதான் புதையலைப் பற்றியும் விசாரிப்பார். அவருக்குப் பதினான்கு நாளுக்குள் தகவல் போக வேண்டும். அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் எழுதி அனுப்பிவிடுவார்கள். முதல் கேள்வியே எங்கே கிடைத்தது என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை நெவில் காசுகளை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். புதன்கிழமை அங்கிருந்து எடுத்து வெந்நீர்த் தொட்டி அலமாரியில் துண்டுக்கு அடியில் வைத்தார். வியாழக்கிழமை கார் டிக்கியில். வெள்ளிக்கிழமை ஏவ்ரில் ஃப்ரீஸரிலிருந்து பட்டாணி எடுத்தாள்.

"நெவில்!"

"என்ன?"

"பட்டாணிப் பொட்டலத்தைப் பிரிச்சா தங்கம் வருது. ராத்திரிக்கு எதை வேகவைக்கட்டும்?"

"அதுல மண்ணு இருக்கு, கழுவிடாதே. மண்ணோடதான் குடுக்கணும்."

"எதைக் கழுவுறது, எதைக் குடுக்குறது? நாலு நாளா குட்டி போட்ட பூனையாட்டம் டப்பாவைத் தூக்கிட்டு அலையுறே. ஒண்ணு அந்த அம்மாகிட்ட சொல்லு. இல்ல, சொல்லாம இரு. ரெண்டுல ஒண்ணைச் செஞ்சு தொலை. மாடிப்படி தேயுது எனக்கு."

"சொன்னா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க, ஏவ்ரில்."

"சொல்லாட்டி நீ உடைஞ்சு போயிடுவே. எனக்கென்னமோ அவங்க உன்னைவிடக் கெட்டின்னு தோணுது."

சனிக்கிழமை ஈனிட் வீட்டுக்குப் போனார், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. ஈனிட் பிளம் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார். பண்ணையை விற்பதற்காக ஏஜென்டு கொடுத்திருந்த காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நெவில் பலகாரத்தைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினார்.

சங்கத்தில் அவருக்கு நெருங்கின ஆள் பார்னி ஸ்பால். பழைய இரும்பு வியாபாரி. எதையும் மறைத்து வைக்கத் தெரியாத வாய். ஆனால் சொல்லாமல் இருந்தால் நெவிலுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. பப்பில் மூலையில் உட்கார்ந்து சொன்னார்.

"டேய், இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?" என்றான் பார்னி. "நாப்பது தப்படி இந்தப் பக்கம் சொல்லு. மண்ணு என்ன, சாட்சி சொல்ல வரப்போகுதா?"

"தோண்ட வருவாங்கடா. மிச்சம் இருக்கான்னு பாக்க வருவாங்க."

"வரட்டும். ஒண்ணும் இருக்காது. இவ்ளோதான் போலன்னு போயிடுவாங்க."

"மிச்சம் அந்தப் பக்கம் இருந்தா? உழவுல சிதறிப் போகும். ரெண்டாயிரம் வருஷம் ஒண்ணா கிடந்தது."

"ரெண்டாயிரம் வருஷம் உன்னைக் கேட்டுக்கிட்டா கிடந்தது? சரி, அவ்ளோ கவலைன்னா இந்தப் பக்கம் ஒரு குழி போட்டு மூணு காசைப் புதை. அவங்களே எடுத்துக்கட்டும், சந்தோஷமா போவாங்க. தர்லோவுக்குக் குடுக்குறதுக்கு ஓடையில போடலாம்."

கேட்கும்போது நெவிலுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மனுஷன் பன்னிரண்டு ஏக்கரில், எல்லைக்கு இந்தப் பக்கம், நாற்பது தப்படி உள்ளே மண்வெட்டியோடு நிற்கிறார். சட்டைப்பையில் மூன்று காசு. குழியும் தோண்டிவிட்டார். நேர்த்தியான குழி, அவருக்கு அப்படித்தான் தோண்டத் தெரியும். மண்டி போட்டு, ஒரு காசை எடுத்து உள்ளே வைத்தார். இரண்டாவதை எடுத்தபோது ரோட்டில் டிராக்டர் நின்றது. இரண்டு பண்ணைக்கும் விதைக்கிற குத்தகை ஆள்.

"என்ன நெவில், ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"பட்டன்!" என்று நெவில் கத்தினார்.

அவன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நெவில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தேடி எடுப்பதற்காகவே வாழ்ந்தவர் புதைத்துக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் காதுமடல்வரை சுட்டது. காசை எடுத்துத் துடைக்காமல் பையில் போட்டு, குழியை மூடி, மேலே தாளைப் பழையபடி பரப்பிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோட்டத்துக்கும் கூடத்துக்கும் நடந்தார். புல் வெட்டினார். வெட்டின புல்லையே மறுபடி வெட்டினார். ஏவ்ரில் வந்து இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

புதன்கிழமை ஈனிட் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினார். வெள்ளிக்கிழமை போன் செய்து, மழை வருமா என்று கேட்டுவிட்டு வைத்தார். கெடு ஞாயிறோடு முடிகிறது. அருங்காட்சியகம் சனிக்கிழமை மத்தியானம்வரைதான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே திரும்பவும் புறப்பட்டுப் போனார். இந்த முறை உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஈனிட், அந்தக் குழி..."

"தெரியும்" என்றார் ஈனிட்.

நெவிலுக்குப் புரியவில்லை.

"நாப்பத்தி மூணு வருஷம் இந்த வீட்ல இருக்கேன், நெவில். குழிகிட்ட நின்னப்ப அந்த அடிக்கட்டை எனக்கு இந்தக் கைப் பக்கம் இருக்கணும். அந்தக் கைப் பக்கம் இருந்துச்சு. பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன்...?"

"ஏன்னா? உனக்குத் தெரியலன்னு நெனச்சேன். தெரியாமலே போய்க் குடுத்துடுவேன்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சுபோய்ச் சொல்ல வந்துடுவியோன்னு தெனமும் ஜன்னல்ல நின்னு உன் காரு வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். போன சனிக்கிழமை நீ வந்தப்ப, வாயைத் திறந்துடாதேன்னுதான் அந்தப் பிளம் பலகாரத்தை வெட்டி வச்சேன்."

ஈனிட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்டான் அந்தப் பன்னெண்டு ஏக்கர்ல செத்தான், தெரியுமில்ல? கல்லும் களிமண்ணும். ஒரு வருஷம் நல்லா விளையும், மூணு வருஷம் காலை வாரும். அவன் ஒழைச்ச மண்ணு ஒரு தடவையாவது ஏதாச்சும் குடுத்துச்சுன்னு இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டேன். தப்புதான். எவனுக்குப் போகுது? தர்லோவுக்கு. ஸ்டான் சாவுக்குக்கூட வராதவனுக்கு. நாப்பது தப்படி, நெவில். நாப்பதே தப்படி. உன்னால முடியாதா?"

பதினோரு வருடத்தில் ஈனிட் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டு அழுதார். நெவில் பெண்கள் அழுவதைப் பார்த்துப் பழகாதவர். எதிரே உட்கார்ந்து, ஈனிட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. இந்தப் பக்கம்னே சொல்லிடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதைச் சொன்னபோது அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தைக் குறிக்கும் வரைபட எண்ணைக் கணக்குப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். பத்து இலக்கம். சட்டைப்பையில் வைத்தார். அப்பாடா என்றிருக்கும் என்று பார்த்தார். இல்லை. இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு அருங்காட்சியகத்தின் பின்பக்கத்து அறையில் இமோஜென் சாண்ட்ஸ் என்கிற இளம்பெண் டப்பாவைத் திறந்தாள். இந்தப் பகுதியில் மண்ணிலிருந்து வருவதையெல்லாம் பதிவு செய்கிற அதிகாரி அவள்தான்.

"ஐயோ, மிஸ்டர் கெரிட்ஜ்! கழுவலையே நீங்க?"

"இல்லம்மா. பட்டாணி கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்."

அவள் சிரித்தாள். கரண்டியால் மண்ணைத் தள்ளி ஒவ்வொரு காசாக எடுத்துப் பஞ்சுமேல் வைத்தாள். "ஒரே ஆளோட சேமிப்பு மாதிரி இருக்கு. சுத்தி இன்னும் இருக்கும். அடுத்த வாரமே ஆளைக் கூட்டிட்டுப் போய்த் தோண்டிடலாம். பானை ஏதாச்சும் இருந்தா, எதுக்குப் புதைச்சாங்கன்னே தெரிஞ்சுக்கலாம். நீங்க குறிச்சு வச்சா அது அப்படியே இருக்கும்னு எனக்குத் தெரியும். மத்தவங்ககிட்ட நான் ரெண்டு தடவை கேப்பேன். சொல்லுங்க, எண்?"

நெவில் சட்டைப்பையில் கை விட்டார். சீட்டு விரலில் பட்டது. அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். துளிகூடச் சந்தேகமில்லாத முகம். தோண்ட ஆள் வரும். வெறும் களிமண்ணைத் தோண்டும். இந்தப் பெண் மழையில் நின்றுகொண்டு, கெரிட்ஜ் சொன்னார், இருக்கும் என்பாள். நெவில் சீட்டை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார். மேஜைமேல் வைத்திருந்த தன் போனைத் திறந்து, அதிலிருந்த எண்ணைப் படித்தார்.

"நிலம் யாரோடது?"

"கிளமென்ட் தர்லோ."

"அனுமதி?"

"இல்ல."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். நெவில் எல்லாவற்றையும் சொன்னார்; குச்சி நடாதது, சாய்ந்த வரிசை, பதின்மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஈனிட் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"உங்க பங்குன்னு ஒண்ணும் வராம போகலாம்" என்றாள் இமோஜென் மெதுவாக. "நான் இதை எழுதித்தான் ஆகணும்."

"எழுதும்மா. கையெழுத்துப் போடுறேன்."

அங்கிருந்து நேராக ஈனிட் வீட்டுக்குத்தான் போனார். யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே போய், உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு போனார். என்னால் முடியவில்லை, மன்னியுங்கள். முற்றத்தில் வண்டியைத் திருப்பியவருக்குப் பிரேக் மேல் கால் தானாக இறங்கியது. தர்லோவின் சேறு படிந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்னால் இரண்டு நாய்கள். தர்லோ தொப்பியைத் தலையில் வைத்தபடி வீட்டிலிருந்து வெளியே வந்தார்.

"நீதானா அந்த பஸ்காரன்?"

"நான்தான்."

"கேக்காம என் நெலத்துல காலை வச்சவன்."

"ஆமா. தெரியாம நடந்தது. ஆனா வச்சது வச்சதுதான்."

தர்லோ அவரை மேலும் கீழும் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்து குழியைக் காட்டு. அந்தக் கருமம் பிடிச்ச கருவி வேண்டாம். வெறுங்கையோட வா." ஜீப்பில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, "ஓடை என் முறைதான். அதையும் அவகிட்ட சொல்லிட்டேன்" என்று முறைத்துவிட்டுப் போனார்.

ஈனிட் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் வாரக்கணக்காக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"எட்டு மணிக்கே போன் பண்ணிட்டேன் அவனுக்கு" என்றார். "இருபது வருஷத்துல மொத தடவை. காசு உன் நெலத்துல கெடைச்சது, என்னோடது இல்லன்னு சொன்னேன். அப்புறம் உன் வீட்டுக்குப் பண்ணினேன், நீ கெளம்பிட்டேன்னா ஏவ்ரில். வெளிய இருந்தா போன் அடிச்சாலும் எடுக்கமாட்டே நீ."

"ஏன் ஈனிட்?"

"ஏனா? நேத்து நீ போனதுலேர்ந்து எனக்குப் பொறுக்கலப்பா. உன்னைப் போய்ப் பொய் சொல்ல வச்சுட்டேனேன்னு. அந்த எண்ணை நீ சொல்லிட்டா, அப்புறம் எந்த வாசல்லயும் நீ நிமிர்ந்து நிக்க முடியாது. எனக்காக அவ்ளோ செய்யத் துணிஞ்சியே, அது போதும்னு தோணுச்சு. ஸ்டான்கூட எனக்காக அப்படி எதையும் விட்டதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இப்ப அங்க போயி மாத்திச் சொல்லணும். நானும் கூட வரேன். நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடுறேன்."

நெவில் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்த ஆளுக்கு அது வராது.

"மாத்த வேண்டியதில்ல ஈனிட். உள்ளதைத்தான் சொன்னேன்."

ஈனிட்டின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"எப்போ?"

"பத்தரைக்கு. அங்க உக்காந்தவுடனே."

"நான் தர்லோவுக்குப் போன் பண்ணினது தெரியாமலே."

"தெரியாமதான்."

"அப்ப நேத்து இதே மேஜையில என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னது?"

நெவில் தொப்பியின் விளிம்பைத் திருப்பினார். வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"நீ பொய் சொல்லிடுவேன்னு ராத்திரி பூரா கெடந்து தவிச்சேன்" என்றார் ஈனிட். குரலை உயர்த்தவில்லை. "பாத்தா, சொல்லியேதான் இருக்கே. அங்க இல்ல. எங்கிட்ட."

அப்படி இல்லை, நேற்று நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தார். நினைத்தது நிஜமாக இருந்தால் மட்டும் இந்த அம்மாளுக்கு என்ன ஆறுதல் என்று தோன்றியது, விட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரலாமா?" என்று கேட்டார் கடைசியில்.

"நாளைக்கு வேண்டாம். அடுத்த வாரமும் வேண்டாம். நானே கூப்பிடுறேன்."

"கூப்பிடுவீங்களா, ஈனிட்?"

ஈனிட் யோசித்தார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"தெரியல, நெவில்" என்றார்.